ஒன்லைன் வியாபாரமும் அரைப் பேர் கணக்கும்

(யட்டியாந்தோட்டைப் பகுதித் தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



விறகு பொறுக்கவும் துணி துவைக்கவும் டவுனுக்குப் போகவும் உங்களுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதிலே ஒரு மணித்தியாலத்தை எங்களுக்குத் தந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

முன்பெல்லாம் எங்கள் ஒபிசுக்கு வருகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பாரம் என்று வருவார்கள். இப்போது போனைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "ஒன்லைன்ல யாவாரம் செய்யலாமாமே, எவ்வளவு போடணுங்க?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் தலையெடுத்து இரண்டு காசு பார்க்க ஆசைப்படுவதில் எங்களுக்கும் சந்தோஷந்தான். ஆனால் பாருங்கள், எதை விற்பது, யாருக்கு விற்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. எவ்வளவு போடணும் என்பதிலிருந்தே பேச்சு ஆரம்பிக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கால் தடுக்குகிற முதல் இடம் இதுதான். டவுனில் ஒரு பெட்டிக்கடை போடுவதென்றால் நாம் இப்படியா கேட்போம்? எந்த இடம், பக்கத்தில் யாருடைய கடை, அங்கே சீனி என்ன விலை, கடனுக்குக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று நாலு நாள் நின்று பார்ப்போம். போனுக்குள்ளே வைத்தாலும் கடை கடைதானே.

நம்ம பக்கத்துப் பொருள் ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கித்துல்கலைக்குப் பெயரே கித்துள் மரத்தால் வந்தது. இந்தப் பக்கத்துக் கித்துள் பாணிக்கும் கருப்பட்டிக்கும் கொழும்பில் நல்ல மதிப்பு உண்டு. பக்கத்துக் கிராமத்தில் காய்ச்சுகிறவரிடம் போத்தலாக வாங்கி, பேஸ்புக்கில் படம் போட்டு விற்கலாம் என்று ஒரு தங்கச்சி நினைக்கிறாள். நல்ல யோசனைதான். இனிக் கணக்கைப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நாங்கள் வைத்துக்கொள்கிற எண்கள், கடை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போத்தல் ஒன்று 1,400 ரூபாவுக்கு வாங்குகிறாள். 1,800 என்று விலை போடுகிறாள். ஆட்கள் வரட்டும் என்று "டெலிவரி இலவசம்" என்றும் எழுதிவிடுகிறாள். 1,800இல் 1,400 போனால் 400 மிச்சம் என்பது அவள் மனக்கணக்கு. ஆனால் போத்தல் கண்ணாடி. பெட்டி, உள்ளே சுற்றுகிற குமிழ் பிளாஸ்டிக், டேப் எல்லாம் 120 ரூபா. கூரியர்காரர் முதல் கிலோவுக்கு 400, அடுத்த கிலோவுக்கு 80 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாணி தண்ணீரைவிடப் பாரம். 750 மில்லிலீட்டர் பாணியே ஒரு கிலோ வரும். கண்ணாடியோடும் பெட்டியோடும் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே 480. எல்லாம் கூட்டினால் 2,000. அதாவது 1,800 ரூபா வாங்குவதற்கு 2,000 ரூபா செலவு செய்திருக்கிறாள். பத்துப் போத்தல் விற்றால் 2,000 ரூபா நட்டம். இதிலே பெரிய ஏமாற்றம் என்னவென்றால், அந்தப் பத்துப் போத்தலுக்கும் 18,000 ரூபா கையில் வந்து போயிருக்கும். வீட்டில் எல்லோரும் "யாவாரம் நல்லாப் போகுது" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் ஒரு செலவு இருக்கிறது. அதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. பார்சலைக் கொடுக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ் காசு ஒரு பக்கம் இருக்கட்டும், அன்றைக்கு அரைப் பேர் போய்விடும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் அரைப் பேர் 675 ரூபா. ஒரே ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த 675 ரூபாவும் அந்தப் போத்தலின் தலையில் விழும். பத்துப் போத்தலைச் சேர்த்துக்கொண்டு போனால் போத்தலுக்கு 67 ரூபா 50 சதம். ஆகவே "ஒவ்வொரு புதன்கிழமையும் அனுப்பி வைப்போம்" என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நாளைக்கே வரும் என்று சொல்லிவிட்டு நாலு நாள் கழித்து அனுப்புவதைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

படிப்பில்லாததால்தான் நமக்கு இந்தக் கணக்குப் பிழைக்கிறது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பெட்ஸ் டொட் கொம் என்று ஒரு கம்பெனி இருந்தது. நாய் பூனைகளுக்குத் தீனி விற்கிற ஒன்லைன் கடை. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பெரிய விளையாட்டுப் போட்டிக்கு நடுவே தொலைக்காட்சி விளம்பரம் கொடுத்தார்கள், அதற்கு மட்டும் 10 லட்சம் டொலருக்கு மேலே செலவு. ஊரே அந்த விளம்பரத்தைப் பேசியது. ஆனால் நாய்த் தீனி பெரிய பெரிய மூட்டை, அதை வீடு வீடாக அனுப்புகிற கூலி அதிகம். அடக்க விலைக்கும் குறைத்து விற்று ஆட்களைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். இலாபக் கணக்குப் படித்தவர்கள் நிறைந்த கம்பெனிக்கே பார்சல் கூலி அப்படிச் செய்தது. இதற்கு மாறாக, 1995இல் அமேசன் கடையைத் திறந்தபோது முதலில் விற்றது புத்தகம். புத்தகம் அழுகாது, உடையாது, அளவு சரியில்லை என்று யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் விளைகிறது. காய்ந்த சரக்கு, பாரமில்லை, உடையாது. தையல் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான சட்டை, தலையணை உறை, மிதியடி தைக்கலாம். பாணி விற்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விற்றால் கூரியர் கூலியைத் தனியாகக் காட்டி விற்கட்டும், இரண்டு போத்தலுக்குக் குறைந்து அனுப்பாமல் இருக்கட்டும். இன்னொன்று, பாணியில் சீனிப்பாகு கலக்கிற வேலை இந்தப் பக்கத்தில் நடப்பது உங்களுக்கே தெரியும். வாங்குகிற இடத்தில் நன்றாகப் பார்த்து வாங்குங்கள். காய்ச்சியவர் கலந்திருந்தாலும் வாங்கினவர் பழி சொல்வது விற்றவரைத்தான்.

தேயிலையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "தோட்டத்திலே இருக்கிறோம், தேயிலையை விட்டு வேற என்னத்த விக்கிறது?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வீட்டுப் பாவனைக்குத் தருகிற தூளைப் பைக்கட் கட்டி விற்கக் கூடாது. பெக்டரியில் கழித்த தேயிலையை வாங்கி விற்பதும் விளையாட்டல்ல. கழிவுத் தேயிலைக்கு 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் தொட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும். சரியான பில்லோடு தூள் வாங்கிப் பைக்கட் செய்கிறவர்களும் ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். பைக்கட்டில் அழகாக இருக்கட்டும் என்று வாளேந்திய சிங்கப் படத்தைப் போனிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தம். சபையின் அனுமதி பெற்ற, இலங்கையிலேயே பைக்கட் செய்யப்பட்ட, முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலைக்கு மட்டுந்தான் அது.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. சட்டை விற்கிறவர்கள் இந்தியக் கடைகளின் படத்தை எடுத்துப் போட்டுவிட்டு, புறக்கோட்டையில் வாங்கின வேறு துணியை அனுப்புகிறார்கள். படத்தில் மயில் கழுத்து நிறம், பெட்டியில் வெறும் பச்சை. வாங்கினவர் ஒருமுறை திட்டி எழுதினால் அது பக்கத்திலேயே நிற்கும், பிறகு வருகிற ஒவ்வொருவரும் அதை வாசிப்பார்கள். நம்ம இஸ்தோப்பில் காலை எட்டு மணி வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பொருளை வைத்து எடுத்துப் பாருங்கள். அந்தப் படம் போதும். அளவை அங்குலத்தில் எழுதுங்கள், நிறையைக் கிராமில் எழுதுங்கள். விலையையும் எழுதுங்கள். "விலைக்கு இன்பொக்ஸ் வாங்க" என்று எழுதுகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, விலை தெரியாத கடைக்குள் நாமே நுழைய மாட்டோம்.

நம்ம பிள்ளைகளிடம் ஒரு பலம் இருக்கிறது, அதை அவர்களே கவனிக்கவில்லை. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். தமிழும் பேசுவார்கள். கொழும்பில் கடை வைத்திருக்கிற பலருக்கு இந்த இரண்டும் சேர்ந்து வராது. அப்படியிருந்தும் பக்கத்தை இங்கிலிசில் மட்டும் எழுதுகிறோம், அதுவும் பிழையோடு. சிங்களத்திலும் தமிழிலும் இரண்டு வரி எழுதினால் யட்டியாந்தோட்டை, ருவான்வெல்லை, அவிசாவளையிலேயே வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. பக்கத்து ஊருக்கு விற்றால் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்பலாம், கூரியர் கூலியும் மிச்சம்.

அடுத்தது விலாசம். இது டவுனில் இருக்கிறவர்களுக்கு விளங்காத சங்கடம். நம்மில் பலருக்கு வீட்டு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் என்றுதான் எழுதுகிறோம். கடிதம் ஒபிசுக்கு வந்து, யாராவது எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. வங்கிக் கடிதமும் திரும்பி வருகிற பார்சலும் இதே வழியில் வந்தால் என்ன ஆகும்? கூரியர் பையன் மேல் டிவிஷனுக்கு ஏறி வரமாட்டான். ஆகவே டவுனில் நம்பிக்கையான ஒரு கடைக்காரரிடம் பேசி, அவருடைய கடை விலாசத்தைப் பார்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் மாதம் ஏதாவது கொடுங்கள், சும்மா கேட்டால் இரண்டாவது மாதம் முகம் மாறும்.

பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுக்கிற முறையைத்தான் நம்ம நாட்டுச் சனங்கள் விரும்புகிறார்கள். வாங்குகிறவருக்கு அது பாதுகாப்பு. விற்கிறவருக்கு அதிலே ஒரு வில்லங்கம் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை, மனசு மாறிப்போச்சு, போன் எடுக்கவில்லை என்று பார்சல் திரும்பி வரும். போன கூலி போனதுதான், திரும்பி வருகிற கூலியையும் சில இடங்களில் நம்மிடமே எடுப்பார்கள். அனுப்புவதற்கு முதல் நாள் ஒரு தடவை போன் செய்து, "நாளைக்கு அனுப்புறோம், காசு தயாரா இருக்குங்களா?" என்று கேட்டு விடுங்கள். அந்த ஒரு போன் அழைப்பு பல பார்சலைக் காப்பாற்றும். வங்கியில் காசு போட்டதாகச் சொல்லிச் சிலர் துண்டின் படத்தை அனுப்புவார்கள். படத்தைப் போனிலேயே திருத்தலாம். நம்ம கணக்கில் காசு ஏறியதைக் கண்ணால் பார்க்காமல் பொருளைக் கையை விட்டு விடாதீர்கள்.

கணக்கு யாருடைய பெயரில் என்பதையும் பேசியாக வேண்டும். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் தைப்பவள் ஒருத்தி. பேஸ்புக் பக்கம் கொழுந்தனாருடைய போனில், வங்கிக் கணக்கு புருஷனுடைய பெயரில். கொழுந்தனார் கொழும்புக்கு வேலைக்குப் போனால் பக்கமும் கூடவே போய்விடுகிறது. பெண்கள் தங்கள் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்து, சம்பளத்தோடு கலக்காமல் வியாபாரக் காசை அதிலே மட்டும் போட்டு எடுக்க வேண்டும். ஆண்கள் இதற்குக் கோபிக்கத் தேவையில்லை. காசு தனியாக இருந்தால்தான் மாதக் கடைசியில் மிச்சம் தெரியும், அந்த மிச்சம் வீட்டுக்குத்தான் வரப்போகிறது.

போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தை வங்கி என்று சொல்லிக் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கி அதைக் கேட்பதில்லை. உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த லிங்கை அமுக்கிச் சிறு தொகை கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் போலிச் செய்திகளும் வந்திருக்கின்றன. கணக்கை யாராவது களவாக எடுத்துவிட்டால் 101க்கு அழைத்து இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவிடம் கேட்கலாம். இன்னும் ஒரு கூட்டம், "உங்க வங்கிக் கணக்கை எங்களுக்குக் குடுங்க, வந்து போற காசுக்குக் கொமிஷன் தாறோம்" என்று இளைஞர்களைத் தேடி வருகிறது. அந்தக் காசு யாரோ ஒரு ஏமாந்தவருடையது. பொலிஸ் வரும்போது கணக்கில் இருப்பது நம்ம பிள்ளையின் பெயர்.

முதலுக்குக் கிழமைக் கடன் வாங்காதீர்கள் என்று தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறோம். புதுக் கடைக்கு முதல் ஓடர் வர ஒரு மாதம் ஆகலாம். கிழமைக் கடனின் முதல் தவணை ஏழாம் நாளே வாசலில் நிற்கும். 5,000 ரூபாவுக்குள் தொடங்க முடியாத வியாபாரத்தை முதல் தடவை தொடங்காதிருப்பதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

கடைசியாக, நாங்கள் இந்தக் கூட்டத்தைக் கூட்டியதன் முக்கியக் காரணத்துக்கு வருகிறோம். ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் சேமலாப நிதி கைக்கு வருகிறது. சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது நூற்றுக்கு 8, முதலாளி பங்காக 12 என்று முப்பது வருஷம் மலையில் ஏறி இறங்கிச் சேர்த்த காசு. அந்தக் காசு வருகிற மாதத்திலேயே சிரித்துக்கொண்டு ஒரு ஆள் லயத்துக்கு வருகிறார். சொந்தக்காரராகவே இருப்பார். "இதுவும் ஒன்லைன் யாவாரந்தான், மாமா. காசப் போட்டா நாளுக்கு நாள் போன்ல ஏறும், அஞ்சு பேரச் சேத்தா இன்னும் கிடைக்கும்" என்பார். போனைத் திறந்து ஏறுகிற எண்ணையும் காட்டுவார்.

ஐந்து பேரைச் சேர்ப்பது என்ன கஷ்டம் என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்கிறார். அவர்கள் ஆளுக்கு ஐந்து சேர்த்தால் 25. அடுத்த படி 125. இப்படியே போனால் பதினோராவது படியில் மட்டும் 4 கோடி 88 லட்சம் பேர் வேண்டும். 2024 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் முழுச் சனத்தொகையே 2 கோடி 17 லட்சந்தான். பிறந்த குழந்தையைச் சேர்த்தாலும் ஆள் போதாது. ஆள் கிடைக்காத இடத்தில் மேலே காசு போவது நின்றுவிடும், கடைசியாகச் சேர்ந்தவர்களின் காசு எழும்பாது. அந்தக் கடைசி வரிசையில் நிற்பவர்கள் எப்போதும் நம்மைப் போன்றவர்கள்.

இது கற்பனையல்ல. இப்படிப்பட்ட பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டம் தடைசெய்திருக்கிறது. 2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியவை என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. அதிலே ஒன்மேக்ஸ் டிடி, எம்.டி.எஃப்.இ., ஸ்போர்ட் செயின், பாஸ்ட் திரீ சைக்கிள் முதலிய பெயர்கள் இருந்தன. எம்.டி.எஃப்.இ. அந்த ஆண்டு ஓகஸ்டில் சரிந்தபோது இலங்கையிலும் பங்களாதேஷிலும் ஏராளமானோர் போனில் ஏறியிருந்த காசை எடுக்க முடியாமல் நின்றார்கள். அதற்குப் பிறகு பெயர்கள் மாறுகின்றன, வேலை அதேதான். தொடங்குகிறவரும் நடத்துகிறவரும் மட்டுமல்ல, ஆள் சேர்க்கிறவரும் சட்டத்தில் அகப்படுவார் என்பதைச் சிரித்துக்கொண்டு வருகிற அந்தச் சொந்தக்காரருக்கும் சொல்லுங்கள். ஒன்லைன் வியாபாரம் என்று யார் வந்தாலும், "என்ன சாமான் விக்கிறீங்க, வாங்குறவரு யாரு?" என்று கேளுங்கள். பதிலில் சாமான் இல்லாமல் ஆட்கள் மட்டும் இருந்தால் வாசலோடு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒழுங்காகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வியாபாரம் நாலு மாதம் ஓடி நிலைத்து வந்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கிராம உத்தியோகத்தரின் கையெழுத்தும், இடத்துக்கான கடிதமும் கேட்பார்கள். லயன் அறை நம்ம பெயரில் இல்லாதபடியால் தோட்டத்துரையிடம் கடிதம் வாங்க வேண்டி வரும். அதை எடுத்துத் தருவது எங்கள் வேலை. சாப்பாட்டுச் சாமான் என்றால் முதலிலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள். பைக்கட்டில் பொருளின் பெயர், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின் பெயர் விலாசம் இருக்க வேண்டும். மழை ஊர் இது, பேனையால் எழுதினால் அழிந்துவிடும், அச்சடித்து மேலே டேப் ஒட்டுங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒபிசில் இருப்போம். வருகிறவர்கள் ஒரு கொப்பியில் மூன்று காரியத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்: என்ன பொருள், யார் வாங்குவார், எல்லாச் செலவும் போய்க் கையில் நிற்பது எவ்வளவு. அரைப் பேரையும் சேர்த்து எழுதுங்கள். பாணிக்காரத் தங்கச்சிமார் ஒரு வெற்றுப் போத்தலில் தண்ணீர் நிரப்பி எடுத்து வரட்டும். பெட்டியில் கட்டி, இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்போம்.